எந்தத் தெரு?

1

2024 நவம்பர் 6, சாயங்காலம் நாலு மணி இருக்கும். கல்பாக்கத்தை ஒட்டின புதுப்பட்டினத்தில் ஒரு டீக்கடை. டி.வி.யில் ட்ரம்ப் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். கீழே ஓடுகிற எழுத்தில் கமலா ஹாரிஸ் தோல்வி என்று திரும்பத் திரும்ப வருகிறது. வேலை முடித்து வந்து பெஞ்சில் உட்கார்ந்த ஒருத்தர், 'ச்சே, நம்ம ஊர்ப் பொண்ணு தோத்துப்போச்சேய்யா' என்றார். பாவனை இல்லை, நிஜமான வருத்தம்தான்.

என் பெரியப்பா பக்கத்தில் இருந்தார். அணுமின் நிலையம் கட்டின காலத்தில் ஜல்லி சுமந்தவர். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, 'நம்ம ஊர்ப் பொண்ணா? எந்த ஊரு?' என்றார்.

'மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம் பெரியவரே.'

'ஊரு சரிப்பா. எந்தத் தெருவு?'

கடையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். கேட்டவரும் சிரிக்கவில்லை, பதில் சொல்ல வேண்டியவரும் சிரிக்கவில்லை. அவர் பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெரியப்பா மிச்ச டீயைக் குடித்தார்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அமெரிக்க அரசியல் பற்றிக் கருத்துச் சொல்லத் தமிழில் ஆட்கள் ஏராளம். எனக்கு அந்த வேலை வேண்டாம். அமெரிக்காவில் நடப்பதை இங்கே எப்படிக் கதையாகச் சொல்கிறார்கள், அந்தக் கதையை எங்கள் தெருவில் எப்படிக் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு சிறுகதையை விமர்சிக்கிற மாதிரி ஒரு செய்தியையும் விமர்சிக்கலாம். அதிலும் பாத்திரங்கள் இருக்கிறார்கள், சொல்லாமல் விட்டவையும் இருக்கின்றன.

2

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். 'படிக்காத சனத்துக்கு அமெரிக்கா பற்றி என்ன தெரியும்' என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு அமெரிக்கா ஒன்றும் புதுசு இல்லை. 1984இல் எம்.ஜி.ஆர். புரூக்ளின் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சேரிப் பெண்கள் மண்சோறு தின்று வேண்டிக்கொண்டார்கள். அவர் அங்கே இருக்கிற வீடியோவைத் தேர்தல் பிரச்சாரத்தில் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பள்ளிக்கூடம் பார்க்காத என் ஆயாவுக்கு வாஷிங்டன் தெரியாது, 'புருக்கிலி' தெரியும்.

1998 மே மாதம் பொக்ரானில் குண்டு வெடித்ததும் கிளின்டன் அரசு இந்தியாவுக்குத் தடை போட்டது. அதை எங்கள் பக்கம் யாரும் டெல்லிச் செய்தியாகப் படிக்கவில்லை. கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் பெயரே அமெரிக்க வணிகத் துறையின் தடைப் பட்டியலில் இருந்தது. 2005 ஜூலையில் புஷ்ஷும் மன்மோகன் சிங்கும் அணுசக்தி உடன்பாடு பேசினார்கள். 2006இல் உலைகளை சிவில், ராணுவம் என்று பிரித்தபோது கல்பாக்கத்து உலைகளை சர்வதேசச் சோதனைக்கு வெளியே வைத்தார்கள். 2008 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 'வெள்ளைக்காரன் நம்ப ஏரியாவுக்கு உள்ளே வந்து பாப்பானா, மாட்டானா?' என்று அந்த வருசங்களில் இதே பெஞ்சில் வாக்குவாதம் நடந்திருக்கிறது. பைடன் ஆட்சி முடிய ஐந்து நாள் இருக்கும்போது, 2025 ஜனவரி 15 அன்று, அந்தப் பெயரைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது பெரியப்பா கேட்டது ஒன்றுதான்: 'கான்ட்ராக்ட் ஆளுக்கு எதுனா உண்டா அதுல?'

இதை அறியாமை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். இது ஒரு வாசிப்பு முறை. எந்தச் செய்தி வந்தாலும், இதில் நம்ம ஆள் எங்கே நிற்கிறான் என்று முதலில் தேடுவது. 'எந்தத் தெருவு?' என்பது இந்த வாசிப்பின் சுருக்கம்.

3

அந்தக் கேள்வியோடு துளசேந்திரபுரம் செய்திகளைப் படித்துப் பார்த்தேன். 2020இல் கமலா ஹாரிஸ் துணை ஜனாதிபதி வேட்பாளர் ஆனபோது வந்தவை, ஜெயித்தபோது வந்தவை, 2021 ஜனவரியில் பதவியேற்றபோது வந்தவை, 2024இல் ஜனாதிபதி பதவிக்கு நின்று தோற்றபோது வந்தவை. எல்லாம் ஏறக்குறைய ஒரே கதைதான். தாத்தா பி.வி. கோபாலன், பைங்காநாடு துளசேந்திரபுரத்துக்காரர், மத்திய அரசு அதிகாரி. அவர் மகள் சியாமளா, 19 வயதில் 1958இல் கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போனவர், புற்றுநோய் ஆராய்ச்சியாளர். அவர் மகள் கமலா. குலதெய்வம் தர்ம சாஸ்தா கோயில், அங்கே நன்கொடை கொடுத்தவர்கள் பெயர்ப் பலகையில் கமலாவின் பெயர். வாசலில் வாழ்த்துக் கோலம், பேனர், வெடி, அபிஷேகம். 'மண்ணின் மகள்.'

இந்தக் கதையில் என்ன இல்லை? அப்பா இல்லை.

டொனால்ட் ஹாரிஸ் ஜமைக்காவில் பிறந்த கறுப்பர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பொருளாதாரத் துறையில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் கறுப்புப் பேராசிரியர். நம் செய்திகளில் அவருக்கு ஒரு வரி, சில நேரம் அதுவும் இல்லை. அவர் பிறந்த ஊர் என்ன, அவர் பாட்டன் யார், அந்தப் பாட்டனின் பாட்டனை எந்தக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தோழர்களே, இது எந்த நாடு? பிள்ளைக்கு இனிஷியல் போடுகிறபோது அப்பன் பெயரைத் தவிர வேறு எதையும் யோசிக்காத நாடு. அப்பன் சாதியைப் பிள்ளையின் சான்றிதழில் எழுதுகிற நாடு. கொடிவழி, கோத்திரம் எல்லாம் ஆண்வழியில் எண்ணுகிற நாடு. அந்த நாடு இந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் தாய்வழியில் வம்சம் எண்ணியது. பெண்ணுரிமை இங்கே ஒரே ராத்திரியில் பூத்துவிட்டதா? அப்பா வழியில் எண்ணினால் அடிமைக் கப்பல் வரும், அம்மா வழியில் எண்ணினால் அக்ரகாரம் வரும். விசயம் அவ்வளவுதான்.

2020 ஆகஸ்ட் 19 அன்று வேட்பாளர் ஏற்புரையில் கமலா ஹாரிஸ் தன் உறவுகளைச் சொல்லும்போது 'சித்தி' என்ற சொல்லைச் சொன்னார். தமிழ்நாடு குளிர்ந்து போனது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு கொண்டாட்டம் சமீபத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அந்த உறவுக்குச் சின்னம்மா என்று பேர். கமலா சின்னம்மா என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வம்பு பேச வரவில்லை. சித்தி எல்லார் வீட்டிலும் புழங்குகிற சொல்தான். என் கேள்வி வேறு. ஜமைக்காக்காரரான தன் அப்பாவின் பக்கத்து உறவுச் சொல் ஒன்றை அவர் சொல்லியிருந்தால் நம் ஆட்களில் யாராவது அர்த்தம் தேடியிருப்பார்களா?

2024 ஜூலை 31 அன்று சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கூட்டத்தில் ட்ரம்ப் பேசினார். கமலா இத்தனை நாளும் இந்தியராகத்தான் இருந்தார், இப்போது திடீரென்று கறுப்பர் ஆகிவிட்டார் என்கிற அர்த்தத்தில் நக்கல் செய்தார். அவர் இந்தியரா, கறுப்பரா என்று கேட்டார். உலகமே காறித் துப்பியது. தமிழ்நாட்டிலும் கண்டனம் எழுதினார்கள். ஆனால் ட்ரம்ப் செய்த காரியத்தை நாம் அவருக்கு நாலு வருசம் முன்னாலேயே செய்து முடித்திருந்தோம். ஒரு ஆளை ரெண்டாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொள்வது. அவர் கேலியாக வெட்டினார். நாம் மாலை போட்டு வெட்டினோம். தன் மகள்களை இந்தத் தேசம் கறுப்புப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று தெரிந்து, அம்மா தங்களை அந்தப் பெருமிதத்தோடு வளர்த்ததாகக் கமலாவே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பெற்றவளுக்குத் தெரிந்தது பேனர் வைத்தவர்களுக்குத் தெரியவில்லை.

சியாமளாவுக்கு வருவோம். இந்தக் கதையில் எனக்கு மதிப்பு உள்ள பாத்திரம் அவர்தான். பெர்க்லியில் கறுப்பின மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் டொனால்டைச் சந்திக்கிறார். சிவில் உரிமை ஊர்வலங்களில் நடக்கிறார். 1963இல் கல்யாணம். பார்ப்பனக் குடும்பத்துப் பெண் ஒரு கறுப்பரைக் கட்டிக்கொள்கிறார். 1916 மே 9 அன்று நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் வாசித்த கட்டுரை சொன்னது என்ன? சாதியைத் தாங்கிப்பிடிக்கிற தூண் அகமணம். அந்தத் தூணில் சியாமளா ஓர் உதை விட்டார். கமலா ஹாரிஸ் என்கிற மனுசி அந்த உதையில் பிறந்தவர்.

அப்படியானால் துளசேந்திரபுரத்துக் கோலத்தில் எதை எழுதியிருக்க வேண்டும்? 'எங்கள் ஊர்ப் பெண் சாதியைத் தாண்டிக் கல்யாணம் செய்தாள், அதனால் இப்படி ஒரு பேத்தி கிடைத்தாள்' என்றல்லவா? 2013இல் இளவரசன் தர்மபுரியில் தண்டவாள ஓரத்தில் பிணமாகக் கிடந்த மாநிலம் இது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை நடுரோட்டில் சங்கரை வெட்டின மாநிலம் இது. கலிபோர்னியாவில் நடந்தால் பெருமை, உடுமலையில் நடந்தால் அரிவாள். கல்யாணத்தை மறைத்துவிட்டுப் பேத்தியை மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் அந்தப் பெருமை சாத்தியமானது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கோபாலன் குடும்பம் அந்த ஊரை விட்டுப் போய் ரொம்ப காலம் ஆகிறது. வெடி போட்டவர்கள், கோலம் போட்டவர்கள் பெரும்பாலும் உழைக்கிற சனங்கள். தங்கள் ஊர்ப் பெயர் உலக டி.வி.யில் வந்ததில் அவர்களுக்குச் சந்தோசம். அதில் தண்ணி ஊற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால் 'ஊர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் 'ஊர்' என்றால் சேரி அதில் சேராது. 'ஊருக்குள்ள போயிட்டு வரேன்' என்று காலனியில் இருக்கிறவர் சொன்னால், ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறார் என்று அர்த்தம். 'நம்ம ஊர்ப் பொண்ணு' என்கிறபோதே ஒரு எல்லைக்கோடு விழுந்துவிடுகிறது. துளசேந்திரபுரம் இருக்கிற பழைய கீழத்தஞ்சையில்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரே குடிசையில் 44 பேர் எரிந்தார்கள். அந்த மண்ணுக்கும் அவர்கள் மகன், மகள்தான். அவர்களை மண்ணின் மக்கள் என்று எந்தக் கோயில் பலகையும் சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 2024 தேர்தலில் எதிர்க்கட்சித் துணை ஜனாதிபதி வேட்பாளர் ஜே.டி. வான்ஸ். அவர் மனைவி உஷாவின் பூர்வீகம் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்து வட்லூரு. அதுவும் பார்ப்பனக் குடும்பம். துளசேந்திரபுரம் சோர்ந்து போனபோது வட்லூரு கொண்டாடியது. குதிரை எது ஜெயித்தாலும் பந்தயம் கட்டின அக்ரகாரம் ஒன்று தயாராக இருக்கிறது.

4

பெரியப்பாவின் கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்லிப் பார்க்கிறேன். கமலா ஹாரிஸ் பிறந்த ஊர் ஓக்லாந்து, 1964. ரெண்டே வருசத்தில், 1966இல், அதே ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் கட்சி தொடங்குகிறது. அந்தப் பெயரை எடுத்துத்தான் 1972இல் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா தாலேயும் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கினார்கள். அந்தப் பெயர்தான் மதுரை வழியாக நம் சேரிச் சுவர்களில் சிறுத்தையாக வந்து ஏறியது. தெருக் கணக்குப் பார்த்தால் ஓக்லாந்து நமக்குத் துளசேந்திரபுரத்தைவிடக் கிட்டே இருக்கிறது.

இந்த உறவு நேற்று வந்தது இல்லை. 1873இல் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார். 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், அவர் பதில் எழுதினார். 1959இல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரம் வந்தபோது, தீண்டப்படாத பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிற சக தீண்டப்படாதவர் என்று அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு யோசித்து, ஆமாம் நான் அதுதான் என்று ஏற்றுக்கொண்டதாகவும் கிங் 1965இல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அந்தத் தலைமையாசிரியர் என் பெரியப்பா கேட்ட கேள்வியைத்தான் மனசுக்குள் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, கிங் எந்தத் தெருவுக்காரர் என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் போலீஸ்காரன் முட்டியை வைத்து அழுத்திக் கொன்றான். அந்த வீடியோவை எங்கள் காலனியில் செல்போனில் பார்த்தார்கள். யாரும் அமெரிக்க வரலாறு கேட்கவில்லை. ஒரு அம்மா, 'காரணைப் பசங்கள மாதிரிதான்' என்றார். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில், காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையால், 1892இல் வெள்ளைக்காரன் எழுதிக்கொடுத்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்குக் கிடைத்த கூலி அது. மினியாபொலிஸையும் காரணையையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்க அந்த அம்மாவுக்கு எந்தக் கோட்பாடும் தேவைப்படவில்லை.

இன்னொரு அமெரிக்க அரசியலும் நடந்தது. அதற்கு இங்கே ஒரு பேனர்கூட வைக்கவில்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது, அமெரிக்காவில் முதல் நகரமாக. அதே வருசம் கலிபோர்னியா சட்டமன்றத்தின் இரு அவைகளும் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான மசோதாவை நிறைவேற்றின. ஆஃப்கன் வம்சாவளிப் பெண் ஆயிஷா வஹாப் கொண்டுவந்தது. ஆளுநர் கையெழுத்துக்காக தலித்துகள் சாக்ரமென்டோவில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அக்டோபர் 7 அன்று ஆளுநர் கேவின் நியூசம், இருக்கிற சட்டமே போதும் என்று மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அவர் ட்ரம்ப் கட்சி இல்லை, கமலா கட்சி. எதிர்த்து மனுப்போட்டவர்களில் நம் நாட்டிலிருந்து போன மேல்சாதி அமைப்புகள் முன்னால் நின்றன. அமெரிக்க அரசியலில் நம் தெருவின் பெயர் சட்டமாக ஏறப்போன ஒரே நாள் அது. எந்தக் கோயிலிலும் நமக்காகத் தேங்காய் உடைக்கவில்லை.

5

இனி நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது.

2008இல் ஒபாமா ஜெயித்தபோது நாமும் வெடி போட்டவர்கள்தான். வெள்ளை மாளிகையில் ஒரு கறுப்பர் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் மாறும் என்று கட்டுரை எழுதியவர்களில் நானும் ஒருத்தன். அவர் ஆட்சியில் இருக்கும்போதுதான் 2014இல் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் செத்தான். நாற்காலியில் யார் என்பதற்கும் தெருவில் என்ன என்பதற்கும் உள்ள தூரத்தை நாம் அப்போது அளக்கவில்லை. கமலா விசயத்திலும் அப்படித்தான். அவர் வழக்கறிஞராகச் சிறைக்கு அனுப்பும் பக்கத்தில் நின்றவர், 2011லிருந்து ஆறு வருசம் கலிபோர்னியாவின் தலைமை வழக்கறிஞர். பிள்ளை பள்ளிக்கூடம் வராவிட்டால் பெற்றவர்களைத் தண்டிக்கிற சட்டத்தை ஆதரித்தவர். ஏழைக் கறுப்புத் தாய்மார்களைக் கேட்டால் அவரைப் பற்றி வேறு கதை சொல்வார்கள். 'எந்தத் தெரு' என்ற கேள்வியை அப்பா வழிக்கும் கேட்க வேண்டும். பேராசிரியர் மகளின் தெரு வேறு, கருஞ்சிறுத்தைகள் காலைச் சோறு போட்ட பிள்ளைகளின் தெரு வேறு.

நம் பையன்கள் சிலருக்கு ட்ரம்ப் பிடிக்கும். 'எவனுக்கும் பயப்படாமப் பேசுறான், கெத்து' என்கிறார்கள். தினமும் பயந்து பேச வேண்டியிருக்கிறவனுக்கு, பயமில்லாமல் பேசுகிற வாய் கவர்ச்சியாகத்தான் இருக்கும். அந்த வாய் யாரை வைகிறது என்று அவனோடு உட்கார்ந்து பேச நாம் போகவில்லை. அதே பையன் தன்னைவிடக் கறுத்தவனைக் கேலி பேசும்போது நாம் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

அவனுக்கு நான் சொல்ல முடியாததை என் தங்கச்சி மகள் சொன்னாள். அவள் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். விடியற்காலை கம்பெனி பஸ், ராத்திரி வீடு. 2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியச் சரக்குக்கு ட்ரம்ப் 25 சதவீத வரி போட்டார். ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27இல் அது 50 ஆனது. டெல்லியில் இதைத் தேசத்தின் மானப் பிரச்சினை என்றார்கள். பின்னால் எத்தனை பேரம் நடந்திருந்தாலும், அந்த மாதம் அவள் லைனில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். சீட்டுக் கட்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம், என்னம்மா ட்ரம்ப் என்ன சொல்றாரு என்று விளையாட்டாகக் கேட்டேன்.

'ஓட்டு அவங்க போட்டாங்க மாமா, ஓ.டி. எனக்குப் போச்சு.'

பெரியப்பா திண்ணையில் இருந்தார். 'இப்ப சொல்லு, இது எந்தத் தெருவு சேதின்னு' என்றார்.

தமிழில் அமெரிக்கா பற்றி எழுதியவர்கள் இதுவரை அக்ரகாரத்திலிருந்து எழுதினார்கள், இல்லாவிட்டால் நூலகத்திலிருந்து எழுதினார்கள். இந்த இதழை வாசிக்கிற மாணவர்கள், எழுத்தாளர்கள், களத்தில் இருக்கிற தோழர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் காலனி டீக்கடையில், தோல் ஷாப்பில், இறால் உரிக்கிற கொட்டகையில், கம்பெனி பஸ்ஸில் அமெரிக்காவைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி அனுப்புங்கள். திருத்தாமல் அனுப்புங்கள். என் தங்கச்சி மகள் சொன்னதைக் கீழே கையெழுத்துப் போடச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்துக்கு அது போதும்.